சிந்தாமணியின் வலக்கை

நல்லிக்காட்டூர் கமலவல்லி மகப்பேறு மனையின் இரும்புக் கேட்டுக்கு மேலே "பிரசவ அறைக்குள் நோயாளிக்கு மட்டுமே அனுமதி" என்று ஒரு பலகை தொங்கியது. பிள்ளை பெறப் போகிறவளை நோயாளி என்று எழுதியவன் எவனாயிருந்தாலும் அவன் ஆண்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும், அதிலும் ஒருத்தி வயிற்றில் கிடந்து வராமல் ஆகாயத்திலிருந்து நேரே தரையில் குதித்த ஆண்பிள்ளையாக இருக்க வேண்டும் என்று, அந்தப் பலகைக்குக் கீழே நிற்கும்போதெல்லாம் சிந்தாமணி வாய்விட்டே சொல்வாள். வாட்ச்மேன் மாரப்பன் காதில் விழாதது போலப் பீடியைப் பற்றவைத்துக்கொள்வான். அவன் பெண்டாட்டியும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் பெற்றாள். வீட்டுக்கு வந்து வெகுநாள் அவள் யாரோடும் பேசவில்லை என்பது அவனுக்கு மறக்கவில்லை, ஆனால் கேட்டைப் பூட்டுவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

சிந்தாமணிக்கு நாற்பதை ஒட்டிய வயது. பனியன் கம்பெனியில் செக்கிங்கில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள், ஒருநாள் கத்தரியை வைத்துவிட்டுக் கோயமுத்தூர் போய் முறையாகப் படித்து, டூலா என்ற பெயரோடு ஊர் திரும்பினாள். ஊருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. மருத்துவச்சியா என்று கேட்டார்கள், இல்லை என்றாள். நர்சா என்றார்கள், அதுவும் இல்லை. ஆயாவா என்றார்கள், அதுவும் இல்லை.

"அப்பறம் என்னதான் பண்ணுவ?"

"கூட இருப்பனுங்க."

"கூட இருக்கறதுக்கு ஒரு படிப்பா?" என்று ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

சிரித்த ஊரின் பெண்கள்தான் அப்புறம் ஒவ்வொருத்தியாக அவள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மசக்கையில் தண்ணீர்கூடத் தங்காமல் சுருண்டு கிடந்தவளின் தலைமாட்டில் உட்கார்ந்து எலுமிச்சை இலையைக் கசக்கி முகரக் கொடுத்து, ஐந்தாம் மாதம் சாயங்கால வெயில் தாழ்ந்ததும் கோயில் மைதானத்தில் கைகோத்து நடக்க வைத்து, வளைகாப்பு முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பின் வீங்கின காலை மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிட்டு, வலி வந்தால் எப்படி மூச்சை இழுக்க வேண்டும், எப்படி விட வேண்டும், எப்படிக் குத்தவைக்க வேண்டும், எப்படி இடுப்பை ஆட்ட வேண்டும், பயம் வந்தால் யாரைத் திட்ட வேண்டும் என்பது வரை சொல்லிக்கொடுத்து, பெற்று வந்த பின்னால் பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு போடும் என்று சொம்பை ஒளித்து வைக்கிற மாமியார்களோடு மல்லுக்கட்டி, காரணமே இல்லாமல் அழுகிறவள் அழுது முடிக்கும் வரை காரணம் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மருந்து கொடுக்கமாட்டாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் குழந்தை எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லமாட்டாள், அதெல்லாம் டாக்டரம்மா வேலை என்பாள்.

ஆனால் முன்னாலும் பின்னாலும் கூட இருக்க முடிந்தவளால் நடுவில் இருக்க முடியவில்லை. வலி எடுத்து ஆட்டோவில் கொண்டுவந்து இறக்குகிறவரைதான் அவள் பாடு. அதற்கப்புறம் கேட்டுப் பூட்டிக்கொள்ளும், ஓ.பி. சீட்டுக்கும் ஊசி மருந்துக்கும் வருகிறவர்களுக்குத்தான் திறக்கும். உள்ளே வளையலைக் கழற்றச் சொல்லி, பூவை எடுக்கச் சொல்லி, கழுத்தில் கிடப்பதைக் கழற்றி முடிந்துவைக்கச் சொல்லி, ஒருத்தியை ஒன்றுமில்லாதவளாக ஆக்கிக் கட்டிலில் ஏற்றிவிட்டு, அவள் கத்தினால் தொடையில் அறைந்து, "அன்னிக்கு இனிச்சுது, இன்னிக்குக் கசக்குதா?" என்று கேட்பார்கள். இந்த ஊரில் பெற்றவள் எல்லாரும் அந்தக் கேள்வியைக் கேட்டவள்தான். சிந்தாமணியும் தன் ஒரே மகனைப் பெறும்போது கேட்டாள். பிடித்துக்கொள்ள மனுசக் கை இல்லாமல் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்தாள். மகன் மீசை வைத்த பிறகும் வலது உள்ளங்கையில் துருவாடை அடிக்கிறது என்பாள்.

ஒரு பங்குனி மாதத்து உச்சிப்பொழுதில், லாரி டிரைவர் பெண்டாட்டி மைதிலியைக் கொண்டுவந்து உள்ளே விட்டுவிட்டு, சிந்தாமணி கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து மைதிலியின் குரல் வெயிலைக் கிழித்துக்கொண்டு வந்தது. "அக்கா, கையக் குடுங்கக்கா" என்றது அந்தக் குரல். யாராயிருந்தாலும் செய்கிறதைத்தான் சிந்தாமணியும் செய்தாள். பெஞ்சை நகர்த்திப் போட்டுக்கொண்டு, கேட்டுக் கம்பிக்கு நடுவே வலது கையை நீட்டினாள்.

கை போயிற்று. சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, படியேறி, ஓ.பி. சீட்டு கொடுக்கிற ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களின் காலோரமாக ஊர்ந்து, மாலை போட்ட கமலவல்லியம்மாள் படத்துக்குக் கீழே இடது பக்கம் திரும்பி, ஊசி போடும் அறையைக் கடந்து, பிரசவ அறையின் ஆடும் கதவைத் தள்ளிக்கொண்டு போய் மைதிலியின் கையைப் பிடித்துக்கொண்டது. மைதிலி அந்தக் கையை உடைத்துவிடுகிற மாதிரி அழுத்தினாள். பெண் குழந்தை பிறந்தது. கை வந்த வழியே திரும்பி வந்தது, நகக்குறியும் டெட்டால் வாசமுமாக. சிந்தாமணி எதிர் டீக்கடைக் குழாயில் அதைக் கழுவிக்கொண்டு, கடைக்காரி பட்டக்காவிடம் ஒரு டீ வாங்கி இடது கையால் குடித்தாள்.

இதை அதிசயம் என்று பேச ஊருக்கு நேரமிருக்கவில்லை, செய்ய வேண்டிய ஏற்பாடுகள் அவ்வளவு இருந்தன. உள்ளே வேலை பார்க்கிற ஸ்டெல்லா சிஸ்டர் இரண்டாவது பிரசவத்தின்போதே கையை வாசலில் மறித்து, "யாரா இருந்தாலும் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் உள்ள வரோணும்" என்று வாஷ்பேசினுக்குத் திருப்பிவிட்டாள். அதிலிருந்து கை தானாகவே பேசினுக்குப் போய் முழங்கை வரை நுரைக்கத் தேய்த்துக் கழுவிக்கொண்டு அப்புறம்தான் உள்ளே போகும். டெய்லர் நாகராஜ் அவள் பிளவுசின் வலது கையை வெட்டாமல் வெகுநேரம் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முழங்கைக்கு மேலே எவ்வளவோ அவ்வளவுதான் என் பொறுப்பு, மிச்சம் என் அளவில் இல்லை என்று சொல்லிவிட்டார். கை உள்ளே போயிருக்கும் நேரத்தில் அவளுக்கு மூக்கு அரித்தால் சொறிந்துவிடுவதற்கும், சோற்றைப் பிசைந்து கொடுப்பதற்கும் பட்டக்கா இருந்தாள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வழி கேட்டால் ஆட்டோக்காரர்கள், "கை போற பக்கமாவே போங்க, லேபர் வார்டு வந்துரும்" என்று சொன்னார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து விசாரித்தார். ஆச்சரியப்படுகிற ஆள் ஒருவரும் கிடைக்காததால் குடிதண்ணீர்ப் பிரச்சினையைப் பற்றி எழுதிக்கொண்டு போனார்.

ஒரே ஒரு சிக்கல்தான் ஊரை நிஜமாகவே ஆட்டி வைத்தது. படுத்திருக்கிற பிள்ளையைத் தாண்டினால் பிள்ளை வளராது, தெரியாமல் தாண்டிவிட்டால் வந்த வழியே திரும்பித் தாண்டிவிட வேண்டும், அப்போதுதான் அது கழியும் என்பது அந்தப் பக்கத்தில் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆகையால், தாண்டினால் கையும் வளராமல் நின்றுவிடும் என்று பயந்து, வராந்தாவில் நீளக் கிடந்த அதை ஒருவரும் தாண்டத் துணியவில்லை. அவசரத்தில் தாண்டியவர்கள் மனசு கேட்காமல் திரும்பித் தாண்டினார்கள், திரும்பித் தாண்டியதும் புறப்பட்ட இடத்திலேயே நின்றார்கள், நின்றதும் போக வேண்டிய வேலை ஞாபகம் வந்து மறுபடி தாண்டினார்கள். ஊசி போட வந்தவர் ஊசி போட்டுக்கொள்ளாமலும் மருந்து வாங்க வந்தவர் மருந்து வாங்காமலும் ஒரு முற்பகல் முழுக்க அந்த வராந்தாவில் ஜனங்கள் கபடி ஆடுகிறவர்களைப் போல முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் மாரப்பன்தான் ஒரு யோசனை சொன்னான். சுவரில் தலைக்கு மேலே கொக்கிகள் அடித்தார்கள், சிந்தாமணியிடம் சொன்னார்கள், கை சுவரில் ஏறிக் கொக்கி கொக்கியாகப் படர்ந்து போயிற்று. ஜனங்கள் அதன் அடியில் குனிந்து போக, நெட்டையானவர்கள் கொஞ்சம் அதிகமாகக் குனிந்து போக, ஆஸ்பத்திரி பழையபடி நடந்தது.

உள்ளேதான் பழையபடி நடக்கவில்லை. கை இருக்கும்போது அறைகிறவர்கள் அறைய யோசித்தார்கள். ஒருமுறை ஓங்கிய ஆயாவின் மணிக்கட்டை அந்தக் கை பிடித்துக்கொண்டது, திருகவில்லை, வலிக்கவுமில்லை, வெறுமே பிடித்துக்கொண்டு இருந்தது. பிடிபட்டவள் நின்று யோசித்துப் பார்த்து, தன்னுடைய பிரசவம் நினைவுக்கு வந்து, ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. டாக்டரம்மா வசுந்தரா, "கை இருந்தா பிரஷர் ஏறமாட்டேங்குது, எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

ஆட்சேபணை இருந்தது ஆஸ்பத்திரியை நடத்துகிற டிரஸ்ட்டின் தலைவர் ஆறுச்சாமிக்குத்தான். பெரிய நூல் மில்லுக்குச் சொந்தக்காரர். அவர் அப்பாவின் மூத்த தாரம்தான் படத்தில் இருக்கிற கமலவல்லி. முதல் பிரசவத்தில் செத்துப்போனவள். எப்படிச் செத்தாள், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று படத்துக்குக் கீழே எழுதவில்லை. ஆறுச்சாமி கெட்டவர் இல்லை, பார்க்கிறதெல்லாம் நேர்வரிசையில் இருக்க வேண்டும் என்று நினைக்கிற மனுஷன். ஆஸ்பத்திரியின் வெள்ளிவிழாவுக்குப் பெரிய மனிதர்கள் வரப்போகிறார்கள், சுவரில் ஒருத்தியின் கை படர்ந்து கிடந்தால் அவர்களிடம் என்ன சொல்வது என்று கவலை பிடித்துக்கொண்டது. சிந்தாமணியைக் கூப்பிட்டு அனுப்பி, நாற்காலியெல்லாம் போட்டு மரியாதையாகத்தான் பேசினார்.

"நல்ல கைதாம்மா. நான் இல்லேங்கல. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

"எந்த முறைங்க? கத்தறவளத் தொடைல அறையறதா?"

"அதயெல்லாம் நிறுத்தச் சொல்லிப் போடறேன். நீ கைய எடுத்துக்கோ."

"நா கைய எடுத்தா அவுங்க மறுபடி ஆரம்பிச்சுருவாங்க. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

ஆறுச்சாமிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவரிடம் அப்படி முகத்துக்கு நேரே பேசிய பெண்கள் அந்த ஊரில் குறைவு. காப்பியைக் குடிக்காமலே அவள் எழுந்து வந்துவிட்டாள் என்பது அவருக்கு அதைவிடப் பெரிய அவமானமாக இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் கோகிலவாணிக்கு மாதம் நிறைந்துகொண்டிருந்தது. டைலரிங் யூனிட்டில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிற பெண், இருபத்துமூன்று வயது. அவளுக்கு இது இரண்டாவது. முதல் குழந்தை இதே அறையில், கை அங்கே போக ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம், மூச்சில்லாமல் பிறந்தது. தொண்டை வற்றும்வரை அம்மாவைக் கூப்பிட்டு, அறை வாங்கி, கூப்பிடுவதையும் நிறுத்தி, யாரும் பார்க்காத சுவரைப் பார்த்துக்கொண்டு அவள் அதைப் பெற்றாள். இரண்டாவது தங்கியது தெரிந்ததும் மாமியாரிடம்கூடச் சொல்லாமல் நேரே சிந்தாமணி வீட்டுக்கு வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க இருப்பீங்கன்னா நா பெத்துக்கறேன். இல்லாட்டி அங்க போகமாட்டேன். வீட்லயே கெடந்து செத்தாலும் சரி."

சிந்தாமணிக்கு அது வெறும் பேச்சில்லை என்று அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஆஸ்பத்திரிக்குத்தான் போகோணும் கண்ணு. மொதக் கொழந்தைக்கு அப்புடி ஆயிருக்குது, டாக்டரம்மா கிட்ட இருக்கோணும். நீ படு, என்ற கை அங்க வரும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்தச் சத்தியத்தை நம்பித்தான் கோகிலா மாதாமாதம் வயிற்றைக் காட்டப் போனாள், நடந்தாள், மூச்சிழுத்துப் பழகினாள். சிந்தாமணி தரையில் விரலால் தட்டுவாள், ஒரு தட்டுக்கு இழு, ஒரு தட்டுக்கு விடு என்று. கோகிலா கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தட்டுக்குள்ளேயே இருப்பாள்.

ஆறுச்சாமி சின்ன வயதில், படுத்திருந்த தம்பியை ஒருநாள் தாண்டிவிட்டுத் திரும்பித் தாண்டாமல் விளையாட ஓடிப்போனவர். தம்பி இன்றைக்கும் கட்டை, அண்ணன் தோளுக்குக்கூட வரமாட்டார். கல்யாண வீடுகளில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நின்றால் ஒறம்பரைச் சொந்தமெல்லாம் தம்பியைப் பார்த்துவிட்டு அண்ணனைப் பார்க்கும். அதனால் தாண்டுகிற விஷயத்தில் அந்த ஊரிலேயே அவரைவிட நம்பிக்கையுள்ள ஆள் கிடையாது. யோசித்துப் பார்த்ததில் அவருக்கு வழி கிடைத்துவிட்டது. கோகிலாவுக்குக் காலையில் பனிக்குடம் உடைந்து, ஆட்டோவில் வந்து இறங்கி, சிந்தாமணியின் கன்னத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போன அதே நாளில், வராந்தாச் சுவரில் இருந்த கொக்கிகளை ஆள் வைத்துப் பிடுங்கிப் போட்டார்.

சிந்தாமணி வழக்கம்போலக் கையை நீட்டினாள். கை படியேறிற்று, சுவரில் கொக்கியைத் தேடிற்று, இல்லாததால் தரையோடு ஊர்ந்தது. வராந்தாவில் ஆறுச்சாமி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஆபீஸ் ஆட்கள், லேப்காரர், மருந்துக் கடைப் பையன்கள், ஆயாக்கள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தியிருந்தார். "ஒவ்வொருத்தராத் தாண்டுங்க. திரும்பித் தாண்டப்படாது. தாண்டினவங்க தாண்டின பக்கமே நிக்கோணும்" என்றார். அவர்கள் தாண்டினார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டு தாண்டினார்கள், சிலர் கண்ணை மூடிக்கொண்டு தாண்டினார்கள், மணிக்கட்டைப் பிடிபட்ட அந்த ஆயா மன்னிச்சுக்கம்மா என்று கையிடம் முனகிவிட்டுத் தாண்டினாள். வேலை போனால் வீட்டில் அடுப்பெரியாது என்கிறவர்கள் வேறென்ன செய்வார்கள். வெளியே பெஞ்சில் சிந்தாமணிக்கு ஒவ்வொரு தாண்டலுக்கும் தோளில் குழாயை யாரோ திருகித் திருகி அடைப்பது போல இருந்தது. கடைசி ஆள் தாண்டினதும் கை நின்றுவிட்டது.

பிரசவ அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வாசற்படியைத் தொட்ட இடத்தில் நின்றது. சிந்தாமணி உந்தினாள். கம்பிக்குள் தோளைத் திணித்து, எலும்பு நொறுங்கினாலும் சரி என்று உந்தினாள். பட்டக்கா ஓடிவந்து அவள் இடுப்பைப் பிடித்துத் தள்ளினாள், பட்டக்காவை, குழந்தைக்கு ஊசி போட வந்திருந்த மைதிலி பிடித்துத் தள்ளினாள், ரோட்டில் போன பெண்கள் பையையும் பிள்ளையையும் இறக்கி வைத்துவிட்டு வந்து தள்ளினார்கள். கேட்டுத்தான் கிறீச்சிட்டது. கை ஒரு விரல்கடைகூட நகரவில்லை.

"எட்ட மாட்டேங்குதே கண்ணு" என்று சிந்தாமணி சத்தமாகவே அழுதாள். அவள் கண்ணுக்கு முன்னால் ஆஸ்பத்திரிச் சுவர்தான் இருந்தது, ஆனால் உள்ளங்கைக்குக் கீழே அந்த அறையின் தரை சில்லென்று தெரிந்தது, அதில் பதற்றத்தோடு போய்வருகிற காலடிகளின் அதிர்வு தெரிந்தது, கட்டில்கால் ஒன்று தடதடவென்று உதறுவது தெரிந்தது. அது கோகிலாவின் உதறல் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. முதல் தடவை நடந்ததெல்லாம் மறுபடி அந்தப் பெண்ணுக்குக் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது, வலி பின்வாங்குகிறது, அவள் சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். சிந்தாமணிக்கு ஆறுச்சாமியின் மேல் வந்த கோபம் அந்தக் கேட்டையே உருக்கிவிடும் போலிருந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், தரையில் விரலால் தட்டினாள்.

ஒரு தட்டு. நிறுத்தி, ஒரு தட்டு. அறைக்குள் காலடிகள் நின்றன. அவள் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தாள், நகம் வலித்தும் நிறுத்தவில்லை, இழு, விடு, இழு, விடு என்று வெளியே அவள் வாயும் சொல்லிக்கொண்டிருந்தது, அவளைத் தள்ளிக்கொண்டிருந்த பெண்களும் தங்களை அறியாமல் அதே தாளத்துக்கு மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள், வேடிக்கை பார்க்க நின்ற ஆட்டோக்காரர்களும் இழுத்து விட்டார்கள், மாரப்பனும் பீடியைக் கீழே போட்டுவிட்டு இழுத்து விட்டான்.

கட்டில்காலின் உதறல் நின்றது. கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் தரையில் ஒரு வெறுங்கால் ஊன்றியதை உள்ளங்கை கேட்டது. கனத்த கால். இன்னொரு கால். நடுவில் நின்று, வலி ஏறி இறங்கும் வரை நின்று, மறுபடி ஒரு கால். ஓடிவருகிற செருப்புகள் அதைச் சுற்றி வந்தன, தடுத்தன, பின்வாங்கின. ஈரமான பாதம் ஒன்று சிந்தாமணியின் விரல்நுனிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. முழங்கால் தரையில் மோதியது. அவள் உள்ளங்கைக்குள் கோகிலாவின் கை வந்து இறங்கியது, பனியன் தைத்துத் தைத்துக் காய்ச்சுப்போன விரல்களோடு, வியர்வையோடு, இனி ஒருத்தரும் பிரிக்க முடியாத பிடியோடு.

"எந்திரிச்சு வந்துட்டா" என்றாள் சிந்தாமணி. தெருவே கேட்டது. "அவளே எந்திரிச்சு வந்துட்டா."

அங்கே நடந்ததை ஸ்டெல்லா சிஸ்டர் அப்புறம் சொன்னாள். காலைக் கட்டிலில் மாட்டியிருந்த பட்டையைக் கோகிலா தானே அவிழ்த்தாளாம். படு படு என்று கத்தினவர்களை ஏறிட்டுப் பார்த்து, "கை வரலீன்னா நா போறேன், வழி விடுங்க" என்றாளாம். வாசற்படியில், பாதி அறையிலும் பாதி வராந்தாவிலுமாகக் குத்தவைத்து, ஒரு கையால் அந்தக் கையையும் மறு கையால் கதவு நிலையையும் பிடித்துக்கொண்டாளாம். ஸ்டெல்லா வெள்ளைத் துணியை விரித்தாள். டாக்டரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தரையில் மண்டியிட்டார். தாண்டின பக்கம் நின்ற ஜனமும் தாண்டாத பக்கம் நின்ற ஜனமும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். ஆறுச்சாமி நாற்காலியை எடுத்துக்கொண்டு போவதா விட்டுவிட்டுப் போவதா என்று தெரியாமல் நாற்காலியோடு படத்துக்குக் கீழே நின்றார்.

சிந்தாமணி இதையெல்லாம் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பிடி இறுகி இளகுவதுதான். இறுகும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், இளகும்போது நல்லாருக்குது, நல்லாருக்குது என்று கேட்டுக்கம்பியிடம் சொன்னாள். கடைசியாக ஒருமுறை, எலும்பெல்லாம் ஒன்றாகிவிடும் போல இறுகி, சட்டென்று இளகியது. கோகிலாவின் கை மட்டும் அவள் கைக்குள்ளேயே கிடந்தது. வராந்தாவைத் தாண்டி, ஜன்னல் வரிசையைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி ஒரு புதுக் குரல் வந்து தெருவில் விழுந்தது. பட்டக்கா மூக்கைச் சிந்தினாள். மாரப்பன் திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

வெயில் சாயும்போது ஆறுச்சாமி கேட்டுக்கு வந்தார். குரலில் பழைய மிடுக்கு இல்லை, ஆனால் இருப்பது போலப் பேசினார்.

"சரி, ஆச்சில்ல? கொழந்தையும் நல்லாருக்குது, தாயும் நல்லாருக்குது. கைய எடுத்துக்கம்மா. ஒருத்தரும் அக்கட்ட இக்கட்டப் போக முடியல."

சிந்தாமணி இழுத்துப் பார்த்தாள். "வரலீங்க. அவ புடிச்சிருக்கறா."

"விடச் சொல்லு."

"நீங்கதான உள்ள போகலாம், நீங்களே போயிச் சொல்லுங்க."

போனார். குழந்தையை மார்மேல் போட்டுக்கொண்டு அதே வாசற்படியில் பாயில் படுத்திருந்த கோகிலாவிடம், மாமியாரை உள்ளே வரவழைத்துச் சொல்ல வைத்தார், டாக்டரம்மாவை வைத்துச் சொல்ல வைத்தார், கடைசியில் தானே குனிந்து சொன்னார். கோகிலா குழந்தையின் தலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மாட்டனுங்க" என்றாள். அவர் திரும்பி வந்தார். வரும் வழியில் இந்தக் கையைத் தாண்டலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் பட்ட பாட்டை ஜன்னல் வழியாக ஊரே பார்த்தது.

"விடமாட்டேங்கறா" என்றார்.

"அப்புடிங்களா" என்றாள் சிந்தாமணி. பெஞ்சிலிருந்து எழுந்து சேலையை உதறி இடது கையால் இடுப்பில் செருகிக்கொண்டாள். "என்ற கை உள்ள இருக்குது. மிச்சத்த வெளிய வெச்சுக்கிட்டு நா என்னுங்க பண்றது? அதயும் கொண்டுட்டு வாரேன்."

ஆறுச்சாமி பலகையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மாரப்பனைப் பார்த்தார். மாரப்பன் அவரைப் பார்க்கவே இல்லை, இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, கதவின் இரண்டு பக்கத்தையும் சுவரில் முட்டும்படித் தள்ளிவிட்டான்.

சிந்தாமணி நடந்தாள். முன்னால் கிடந்த தன் கையைப் பார்த்துக்கொண்டே, அது போன வழியிலேயே, சைக்கிள் ஸ்டாண்டைக் கடந்து படியேறினாள். அவள் நடக்க நடக்கக் கை குறைந்துகொண்டே வந்தது. வரிசையில் நின்றவர்கள் விலகி நின்றார்கள். காலையில் தாண்டினவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு கீழே பார்த்தார்கள், அவர்களை அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கமலவல்லியம்மாள் படத்துக்குக் கீழே வந்தபோது ஒரு நிமிஷம் நின்று, இடது பக்கம் திரும்பினாள். பிரசவ அறையின் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவள் கை சாதாரணமாக ஒரு பெண்ணின் கை எவ்வளவு இருக்குமோ அவ்வளவு இருந்தது. அதன் நுனியில் கோகிலாவின் கை இருந்தது.

சிந்தாமணி வாசலோரத்துப் பேசினில் இடது கையை மட்டும் கழுவிவிட்டு அப்படியே பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோகிலா கண்ணைத் திறந்தாள்.

"வந்துட்டீங்களா அக்கா?"

"நா எங்க கண்ணு போனேன்" என்றாள் சிந்தாமணி.